மூணு இருபது

வாங்க அம்மிணி, உள்ள வாங்க. செருப்ப உள்ளாற கொண்டாந்து கழட்டுங்க, வெளிய விட்டா நாய் கவ்விட்டுப் போயிரும். சித்தெ தள்ளி நில்லுங்க, கேட்டப் பூட்டிக்கறேன். இப்பல்லாம் நான் உள்ளாற இருந்துதான் பூட்டிக்கறது. ஆச்சு. அந்தச் சேர் வேண்டாம், அது காலு ஆடும். இதுல ஒக்காருங்க, காத்து வரும். காப்பி குடிங்க. வேண்டாமா? மெட்ராசுல இருந்து இத்தனை தூரம் பஸ்ஸுல வந்துட்டு வேண்டாம்னா எப்படி? போட்டு வெச்சுட்டேன், குடிங்க. சக்கரையும் போட்டாச்சு. இந்த வயசுல சக்கரை இல்லாமக் குடிச்சு என்ன பண்ணப் போறீங்க?

ஏழு ரிஜிஸ்டர் தபால் போட்டேன் உங்க ஆபீசுக்கு. ஏழுக்கும் பதில் போட்டீங்க, இல்லைன்னு சொல்லல. ஆனா ஏழும் ஒரே பதிலு. அதான் ஆராச்சும் ஒருத்தர நேர்ல அனுப்புங்கன்னு எழுதுனேன். எழுத்துல சொன்னா ஏறாதது மொகத்தப் பாத்துச் சொன்னா ஏறும்.

எம்பேரு சென்னியப்பன். இந்தத் தாராபுரத்துல நாப்பது வருசம் உரக்கடை வெச்சிருந்தவன். நீங்க இன்டர்நெட்டுல எல்லாரும் ஓசியில படிக்கட்டும்னு ஏத்தி வெச்சிருக்கறீங்களே ‘மயிலாத்தாள் நாட்குறிப்பு’, அந்த மயிலாத்தா எம்பட சம்சாரம். இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். ஆனா உங்களுக்குத் தெரிஞ்ச சென்னியப்பன் அந்தப் பொஸ்தகத்துக்குள்ள இருக்கறவன். எதுத்தாப்புல ஒக்காந்திருக்கறவன் சொல்றதையும் ஒருக்காக் கேளுங்க. குறுக்க பேசாதீங்க, அது ஒண்ணுதான் எனக்கு ஆகாது. பேசறவன் நூலு அறுந்து போயிரும்.

ஐப்பசி பதினெட்டுக்கு மயிலாத்தாளுக்கு ரெண்டாம் வருசத் தெவசம். இன்னும் பத்து நாள் இருக்குது. கோயமுத்தூர்ல இருந்து மவ வர்றா, கோகிலவாணி. ஒரே மவ. ஒரு ஆஸ்பத்திரியில ரத்தம் பாக்கற லேப்புல இருக்கறா. அவ வர்றதுக்குள்ள நீங்க அத எடுத்துப்போடோணும். விசயம் அவ்வளவுதான்.

மொதல்ல இருந்தே சொல்லிப்போடறேன்.

உரக்கடைக்காரனுக்கு ஜனவரி பொறந்தா டைரிக்குப் பஞ்சமே இருக்காது. ஒவ்வொரு கம்பெனிக்காரனும் ஒண்ணு கொண்டாந்து குடுப்பான். தடியா, ரெக்சின் அட்டை போட்டு, ஒவ்வொரு பக்கத்துக் கடைசியிலயும் எப்ப யூரியா போடறது, எப்பக் களை எடுக்கறதுன்னு ஒரு வரி அச்சடிச்சு வரும். அதுல ஒண்ண மயிலாத்தாளுக்குக் குடுப்பேன். வெளுக்கப் போட்ட துணிய எழுதி வெச்சுக்கட்டுமேன்னு குடுத்ததுதான். அவ மத்தியானத்துல ஜன்னலோரம் ஒக்காந்து என்னமோ எழுதுவா. நான் கேட்டதில்ல. கேக்காம வுட்டேன் பாருங்க, அந்தச் சுதந்திரம் நான் குடுத்ததுதானே? அத ஆரும் எழுதறதில்ல.

அவ போன பொறகு பீரோவச் சுத்தம் பண்றோம், சேலைக்கு அடியில வரிசையா முப்பத்தொரு டைரி. ஒரு வருசம் வுடல. நான் அங்கங்க பொரட்டிப் பாத்தேன். ஜன்னல்ல அணிலு வந்தது, எதுத்த வூட்டுல பொரியற கடுகு, தெருவுல போற பொம்பளைங்க என்ன கலர்ல சேலை கட்டியிருந்தாங்க, கடலை மடிச்சு வந்த பேப்பர்ல என்ன போட்டிருந்தது, இப்படி. தப்பா ஒரு எழுத்து இல்ல. என்னைய ஒரு வார்த்தை வையல. சத்தியமாச் சொல்றேன், முப்பத்தொரு வருசத்துல என்னைய ஒரு வார்த்தை வையல.

அதோட ஒவ்வொரு பக்கத்து மேலயும், இடது ஓரத்துல ஒரு மணி, வலது ஓரத்துல ஒரு மணி. 9.10, 6.40. மறு நாளு 9.05, 6.55. தெனமும். பாத்ததும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. என்னன்னு புரியுதுங்களா? நான் கடைக்குப் போற நேரமும் வர்ற நேரமும். எத்தனை ஆசையா எதிர்பாத்துக் காத்துட்டிருந்தா நிமிசம் தப்பாம எழுதுவா? எந்தப் பொண்டாட்டி புருசனுக்கு இப்படி எழுதி வெப்பா?

நம்ம பக்கத்துல மொத வருசத் தெவசத்துக்கு நினைவு மலர் போடறது வழக்கம். செத்தவங்க போட்டோ, நாலு தேவாரம், கூட ஒரு எவர்சில்வர் டிபன்பாக்ஸ். நான் அப்படிப் போட இஷ்டப்படல. மயிலாத்தா டைரியையே பொஸ்தகமாப் போட்டேன். இருக்கறதுலயே நல்ல பக்கமாப் பாத்து, நானூறு பக்கம், கெட்டி அட்டை. மண்டபத்துல எல்லாரும் மெச்சுனாங்க. ஊட்டுக்குக் கொண்டு போயி சாமி படத்துக்குப் பக்கத்துல வெச்சாங்க. ஆரும் படிக்கல. அது வரைக்கும் நிம்மதியா இருந்தேன்.

அப்பறம் உங்க ஆளுங்க ரெண்டு பேரு வந்தாங்க. எப்படியோ கையில ஒரு பிரதி கெடச்சிருக்குது. இது பொக்கிஷம்னாங்க. செத்த பொறகு வந்த பொஸ்தகம், அதனால வெளியிட்ட வருசத்துல இருந்து அறுவது வருசத்துக்கு உரிமை உங்க கையிலதான் இருக்கும், நீங்க மனசு வெச்சா இப்பவே ஒலகத்துக்கே பொதுவாக்கிப்போடலாம், ஆரு வேணாலும் படிக்கலாம், பிரதி எடுக்கலாம்னாங்க. அறுவது வருசம்! எனக்கு எழுபத்திரெண்டு முடிஞ்சுருச்சு. சரீன்னேன். ஆனா உடனே கையெழுத்துப் போடறவன் இல்ல நான். நாலு நாள் வெச்சிருந்துட்டு எடுத்துப்போட்டா நான் என்ன பண்றதுன்னு கேட்டேன். எடுக்க மாட்டோம்னாங்க. வாயில சொன்னாப் பத்தாது, எழுதுங்கன்னேன். நானே சொல்லச் சொல்ல எழுதுனாங்க: ‘எக்காலத்திலும் எக்காரணம் கொண்டும் எவர் கேட்டாலும் இதை எடுக்கவோ திரும்பப் பெறவோ கூடாது.’ கீழ நான் கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையும் வெச்சேன்.

போன மாசம் வக்கீலப் பாக்கப் போனேன். அந்தக் கடுதாசியப் படிச்சுட்டு, இந்த வரிய ஆரு எழுதச் சொன்னதுன்னாரு. நான்தான்னேன். எங்கிட்டயே நீட்டிட்டு, டீ சாப்பிடறீங்களான்னாரு.

சரி, அது போச்சாது. டைரி முப்பத்தொண்ணையும் கேட்டாங்க, அச்சுல இருக்கறத மூலத்தோட ஒப்பிட்டுப் பாக்கோணும், எல்லாப் பக்கமும் போட்டோ புடிக்கோணும்னு. அட்டைப்பெட்டியில கட்டிக் குடுத்தேன். மடியில கனமில்லாதவன் என்னத்துக்குத் தயங்கோணும்? பத்திரமாத் திருப்பிக் குடுத்துட்டாங்க. அந்த ஒழுங்குல குத்தம் சொல்ல மாட்டேன். பக்கத்துக் கடைசியில இருக்கற உர வரி கம்பெனிக்காரன் எழுதுனது, அதுக்கு அவன்கிட்டத்தான் உரிமைன்னு சொல்லி அத மட்டும் மறைச்சுப் போட்டிருக்கறீங்களாமா. யூரியாக்காரனுக்கு இருக்கற மானம் எனக்கு இல்லாமப் போச்சு பாத்தீங்களா?

மொத மூணு மாசம் போன் வந்துட்டே இருந்துச்சு. எங்கெங்கிருந்தோ பொம்பளைங்க. உங்க வூட்டம்மா எழுத்தப் படிச்சுட்டு அழுதேங்கய்யான்னுவாங்க. எனக்குப் பெருமை புடிபடல. ஒரு டீச்சரு கேட்டுச்சு, மேல ரெண்டு நேரம் போட்டிருக்குதே, அது என்னங்கய்யான்னு. நான் சந்தோசமாச் சொன்னேன், காலையில நான் கேட்டப் பூட்டிட்டுப் போற நேரம், சாயங்காலம் வந்து தெறக்கற நேரம்னு. டக்குன்னு போன வெச்சுருச்சு. லைன் கட்டாயிருச்சாட்டன்னு நெனச்சேன். அடுத்த வாரம் பாத்தா நீங்க அத அடிக்குறிப்பாப் போட்டிருக்கறீங்க. ‘கணவர் தந்த விளக்கம்’னு. அதுக்கப்பறம் பெருமைன்னு ஒரு போன் வரல.

பூட்டறது என்ன அதிசயம்? அந்தக் காலத்துல இந்தத் தெருவுல நாலு வூட்டுல களவு போச்சு. வூட்டுல தனியா இருக்கற பொம்பளை. உள்ளாற கெணறு இருக்குது, கக்கூசு இருக்குது, பேன் இருக்குது, டிவி வாங்கிப் போட்டேன். ஒரு குறை வெக்கல. களவுக்கு மின்னாடியே பூட்ட ஆரம்பிச்சுட்டீங்களேன்னு கேப்பீங்க. கேளுங்க. கண்ணாலம் ஆகி நாலாவது வருசம். விதை இன்ஸ்பெக்டர மத்தியானச் சோத்துக்குக் கூட்டிட்டு வர்றேன், வூட்டுல ஆளக் காணோம். பெரிய ஆபீசர நடு வாசல்ல நிறுத்தி வெச்சுத் தேடறேன். ரெண்டு மணி நேரம் கழிச்சு வர்றா, புள்ளைய இடுப்புல தூக்கிட்டு, கையில ரெண்டு பொஸ்தகத்தோட. கிளை நூலகத்துக்குப் போனாளாமா. அவ டீச்சர் ட்ரெய்னிங் படிச்சவ, படிக்கற பழக்கம் வுடல. நான் அடிச்சனா? இல்ல. வைஞ்சனா? இல்ல. மறு நாள் திண்டுக்கல் பூட்டு ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். அவளும் ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா வேண்டாம்னு வுட்டிருப்பனோ என்னமோ. மறு வருசம் குடுத்ததுதான் மொத டைரி.

உங்க கம்ப்யூட்டர்ல ஏத்துனதுல இன்னொரு வினை. அச்சுப் பொஸ்தகத்துல ஆரு ஒக்காந்து கூட்டப் போறாங்க? ஈரோட்டுல ஒரு காலேஜுப் பொண்ணு முப்பத்தொரு டைரியில இருக்கற நேரத்த எல்லாம் எடுத்துக் கணக்குப் போட்டு, மொத்தம் பத்து வருசமும் ஒரு மாசமும் பூட்டுக்குள்ளன்னு எழுதிப்போட்டுச்சு. நான் போன் நம்பர் வாங்கிக் கேட்டேன், ஞாயித்துக்கெழமைய கழிச்சியாம்மான்னு. கழிச்சுட்டங்கய்யான்னுச்சு. தீபாவளி, பொங்கலுன்னேன். அதுவும் கழிச்சாச்சாம். அப்பறம் ஊருக்குள்ள நான் டீக்கடைக்குப் போனா நாலு பேரு செவுத்துக் கடிகாரத்தப் பாக்கறான். எகத்தாளம். கடையப் பங்காளிகிட்ட வுட்டுட்டு வந்துட்டேன். ஆளுங்க வந்து இந்த இரும்புக் கேட்டப் போட்டோ எடுத்துட்டுப் போறாங்க. தபால்ல ஆரோ பழைய பூட்டு அனுப்பி வுடறாங்க, இதா அந்த மூலையில இருக்குதே கோணிப்பை, அத்தனையும் பூட்டு. அதான் பூட்டிட்டு உள்ள இருக்கறேன். ஆறேழு மாசத்துல இந்த வூட்டச் சுத்தி எத்தனை அணிலு இருக்குதுன்னு இப்ப எனக்கும் தெரியும்.

அதெல்லாம் கெடக்கட்டும். ஊர்க்காரன் பேசட்டும், அந்தப் பொண்ணு கணக்குப் போடட்டும், நான் தாங்கிக்குவேன். மொதல் நாலு கடுதாசியில மொத்தத்தையும் எடுங்கன்னு கேட்டேன், சரி. எடுக்க முடியாதுன்னீங்க. ஏகப்பட்ட பேரு எறக்கி வெச்சுட்டாங்க, எடுத்தாலும் போகாதுன்னீங்க. ஒத்துக்கறேன். இப்ப நான் கேக்கறது ஒரே ஒரு பக்கம். கடைசி டைரியில கடைசியா எழுதுன பக்கம். அதோட போட்டோவும், கீழ நீங்க போட்ட ஒரு வரிக் குறிப்பும்.

காப்பி ஆறிருச்சு பாருங்க. குடிச்சுட்டுக் கேளுங்க.

கோகிலா பள்ளிக்கொடம் வுட்டு நாலே காலுக்கு வந்துருவா. நான் வர ஆறே முக்காலு ஆகும். சாவி எங்கிட்ட. அதனால புள்ளை கேட்டுக்கு வெளிய ஒக்காந்துக்கும், அவ உள்ள ஒக்காந்துக்குவா. கம்பி வழியா முறுக்கு குடுப்பா, தலை பின்னி வுடுவா, வாய்ப்பாடு சொல்லிக் குடுப்பா. நல்லாத்தான் படிச்சுது, பள்ளிக்கொடத்துல மொத மார்க்கு. அப்ப அது சந்தோசமா இருந்த மாதிரித்தான் எனக்குத் தெரிஞ்சுது. இப்பத்தான் சொல்லுது, அம்மா மடியில ஒக்காந்து பாடம் படிச்ச ஞாபகமே எனக்கு இல்லப்பான்னு.

அவ போன அன்னிக்கு மழை. நான் ஒம்பது அஞ்சுக்குக் கெளம்புனேன், வெள்ளகோயில்ல கம்பெனிக்காரன் மீட்டிங். செல்லுல சத்தத்த அமுத்தி வெச்சுட்டேன், பெரியவங்க பேசறப்ப அடிச்சா மருவாதி இல்ல. வூட்டுல போன் கெடையாது. வூட்டுலயே இருக்கறவளுக்குப் போன் என்னத்துக்குன்னு கட் பண்ணி ஆறு வருசம் ஆச்சு. மத்தியானம் போல பக்கத்து வூட்டு சாந்தாமணிக்குப் பாத்திரம் உருள்ற சத்தம் கேட்டிருக்குது. ஓடியாந்து பாத்தா மயிலாத்தா இந்தா, நீங்க கால் வெச்சிருக்கறீங்களே, அங்கதான். கேட்டு வரைக்கும் நகந்து வந்திருக்கறா. கை மட்டும் கம்பிக்கு வெளிய.

கடையில இருந்து எனக்குப் பதினாலு தடவை அடிச்சிருக்கறாங்க. தெருவே கூடிருச்சு. ஒருத்தன் கடப்பாரை எடுத்துட்டு வந்தானாம். இன்னொருத்தன், மயக்கமாத்தான் இருக்கும், சென்னியப்பன் பூட்ட ஒடைக்காதீங்கடா, இதா வந்துருவாருன்னு தடுத்துப்போட்டானாம். எம்மேல அத்தனை மருவாதி. இதா வந்துருவாரு, இதா வந்துருவாருன்னே நின்னிருக்கறாங்க. சாந்தாமணி வெளிய மழையில ஒக்காந்து அவ கையப் புடிச்சுட்டே இருந்திருக்குது.

நான் வந்து பூட்டத் தெறக்கறப்ப மணி மூணு இருபது.

சாந்தாமணி எங்கிட்ட மட்டும் சொல்லுச்சு. “ஒண்ணரைக்கே கை சில்லுன்னு ஆயிருச்சுங்கண்ணா.” இத மவகிட்டச் சொல்லாத தாயின்னேன். இது வரைக்கும் சொல்லல.

சாயங்காலம் கோகிலா வந்து வுழுந்து அழுவுது. அந்த அழுகையப் பாக்க முடியல அம்மிணி. ‘நான் தெறந்தப்ப உங்கம்மா கண்ணு முழிச்சுப் பாத்தா, கோகிலாவப் பாத்துக்குங்கன்னு சொன்னா, கார்ல போறப்பத்தான் உசுரு போச்சு’ன்னு சொல்லிப்போட்டேன். வாயில அப்படித்தான் வந்துச்சு. டாக்டரும் சொன்னாரு, மின்னாடியே கொண்டு வந்திருந்தாலும் உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு. உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாதுன்னாரு, பொழைக்காதுன்னு சொல்லல. அத நான் தெனமும் நெனச்சுக்கறேன்.

பொஸ்தகம் அச்சாகறப்ப புரூஃப் பாக்கறேன். கடைசிப் பக்கம். இடது ஓரத்துல 9.05. கீழ நாலு வரி, மழை வர்ற மாதிரி இருக்குது, கொடியில துணி இருக்குது, அப்படி. வலது ஓரம் காலி. பாக்க என்னமோ மாதிரி இருந்துச்சு. மத்த பக்கமெல்லாம் ரெண்டு ஓரமும் நெறைஞ்சிருக்க இது மட்டும் தெறந்து கெடக்குது. டி.டி.பி. அடிக்கற பொண்ணுகிட்ட, இங்க ஒண்ணு வுட்டுப் போச்சும்மா, 3.20ன்னு அடின்னேன். அது அடிச்சுது. பொய் இல்லைங்க, நான் தெறந்தது மூணு இருபதுதான். தெரு பூராச் சாட்சி.

தெவசத்தன்னிக்கு அந்தப் பக்கத்தக் கோகிலா பாத்துட்டுது. அந்த நெலமையிலயும் அம்மா நேரம் எழுதியிருக்குதேப்பான்னு என்னையக் கட்டிப் புடிச்சு அழுதுது. எம்மவ என்னையக் கட்டிப் புடிச்சு எத்தனையோ வருசம். ஆமாம் கண்ணுன்னேன். அன்னிக்கு இருந்து அது வேற ஆளாயிருச்சு. ஞாயித்துக்கெழமையானா போன் பண்ணும், சாப்பிட்டீங்களான்னு கேக்கும். பாக்கறவங்ககிட்டெல்லாம் சொல்லுமாமா, அம்மா கடைசியா எம்பேரத்தான் சொன்னாங்க, அப்பா வந்த நேரத்தக்கூட எழுதி வெச்சுட்டுத்தான் கண்ண மூடுனாங்கன்னு.

நீங்க ஒரு வரி போட்டீங்க அம்மிணி. ‘அச்சுநூலில் இவ்விடத்தில் 3.20 என உள்ளது, கையெழுத்துப்படியில் இல்லை.’ பக்கத்துலயே போட்டோ. அஞ்சாறு வார்த்தை. நீங்க நேர்மைக்குப் போட்டது, தெரியுது. லேப்புல கூட வேலை செய்யறவங்க ஆரோ அதக் கோகிலாவுக்கு அனுப்பி வுட்டிருக்கறாங்க.

போன்ல ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. “அப்பா, அந்த மூணு இருபது ஆரு எழுதுனது?”

உங்கம்மாதான் எழுதுனா, அவங்க போட்டோல விழுகலன்னேன்.

அப்பறம், “செரி, தெவசத்துக்கு வர்றப்ப டைரிய எடுத்து வைங்க, நான் பாக்கோணும்” அப்படீன்னு வெச்சுருச்சு. அதோட மூணு மாசம். நான் பண்ணுனா எடுக்கறதில்ல. ஒரு ஞாயித்துக்கெழமை வுடாம இந்தப் போன மடியில வெச்சுட்டு ஒக்காந்திருக்கறேன், மணியப் பாத்துட்டு.

இந்தாங்க அந்த டைரி. உங்களுக்குத் தெரியாததா, நீங்கதானே தட்டச்சுப் பண்ணுனது. இந்தக் கடைசிப் பக்கம். இந்தக் காலி எடம். அன்னிக்கே இதுல எழுதியிருந்தா இத்தனை வம்பில்ல. பேனாவ எடுத்தேன், எடுக்காம இல்ல. இப்பவும் தெனமும் எடுக்கறேன். பேப்பர் ஓரத்துல எழுதிப் பழகறேன் பாருங்க, அந்தக் கத்தை பூரா மூணு இருபது. எனக்கு வர்றது உரப் பில்லு எழுத்து. அவ மூணுக்கு மேல தட்டையாக் கோடு இழுப்பா. சைபரச் சின்னதாப் போடுவா. அதக்கூட ஒரு மாதிரி புடிச்சுட்டேன். ஆனா பேனா இந்தத் தாளுக்குக் கிட்ட வந்தாக் கை நிக்குது. அவ எங்கிட்டக் கேக்காம வெச்சிருந்தது இது ஒண்ணுதான். இதுல கை வெக்க மனசு வரலீங்க. பயமா இருக்குது.

அதான் உங்களக் கேக்கறேன். நீங்க முப்பத்தொரு வருசத்தையும் எழுத்து எழுத்தாப் பாத்தவங்க. அவ கை உங்களுக்கு அத்துப்படி. எம்மவளக்காட்டியும், என்னையக்காட்டியும் உங்களுக்குத்தான் அவளத் தெரியும். பேனா இதா இருக்குது, அதே மசி. ஒரு மூணு, ஒரு புள்ளி, ஒரு இருபது. எழுதிப்போட்டு மறுபடி ஒரு போட்டோ புடிச்சு, மொத போட்டோல மங்கலா இருந்துச்சுன்னு ஏத்திப்போடுங்க. எனக்காக இல்ல அம்மிணி. அந்தப் புள்ளை, அம்மா தம்பேரச் சொல்லுச்சுன்னு நெனச்சுட்டு இருக்குது. அத ஏன் பிடுங்கோணும்? ஒலகம் பூரா ஓசியில படிக்கட்டும், எத்தனை வருசம் வேணாலும் பூட்டுன்னு சொல்லட்டும். இந்த ஒரு ஓரம் மட்டும் நெறைஞ்சு இருக்கட்டும்.

ஏன் டைரிய மூடறீங்க? பேனாவ ஏன் எம்பக்கமாத் தள்ளறீங்க? கோகிலாகிட்ட நீங்களே சொல்லுங்கங்கறீங்களா? அது முடியாதுங்க. அது மட்டும் என்னால முடியாது. சொன்ன பொறகு எனக்குன்னு ஆரு இருக்கறா?

எந்திரிச்சுட்டீங்க. சித்தெ ஒக்காருங்க, இன்னும் நான் சொல்லி முடிக்கல. பஸ்ஸு நெறைய இருக்குது. கேட்ட ஆட்டாதீங்க அம்மிணி, பூட்டியிருக்குது, அது ஆட்டுனாத் தெறக்காது. சாவி எங்க போயிரும், இடுப்புக் கயித்துலதான் கெடக்குது. சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்களேன், எழுதறேன்னு ஒரு வார்த்தை.

மணி பாக்கறீங்க. வந்தப்பவும் பாத்தீங்க, நான் கேட்டப் பூட்டிட்டுத் திரும்பறேன், நீங்க அந்தச் சின்ன நோட்டுல என்னமோ எழுதிட்டு இருந்தீங்க. எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும். பத்து அம்பதுன்னு எழுதுனீங்க.

இருங்க, இருங்க. அப்படிப் பாக்காதீங்க, தெறக்கறேன். முடிச்சு இறுகிக் கெடக்குது. மயிலாத்தாளும் இந்தக் கம்பியத்தான் இப்படிப் புடிச்சுட்டு நிப்பா, நான் சாவி எடுக்கற வரைக்கும்.

ஆச்சு. தெறந்தாச்சு, போங்க. செருப்ப மறந்துராதீங்க.

அம்மிணி, அந்த நோட்ட எடுங்க. மணி ஒண்ணு அஞ்சு. நான் தெறந்துட்டேன்னு எழுதிக்குங்க.